பாக்கெட் அளவு

கதவில் பூட்டு. வாசலில் நாலு பேர். மணி பத்தைத் தாண்டியாயிற்று.

மோகன்குமார் வண்டியை நிறுத்தினார். கடையைப் பார்த்துக்கொள்ளும் பாஞ்சாலியிடம் இன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது என்று காஞ்சிபுரத்தில் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார். சிங்கப்பூர் போதுமென்று திரும்பி வந்து, உத்திரமேரூரில் ஆன்லைன் சேவைக் கடை போட்டு, திருமுக்கூடலில் இந்தக் கிளையையும் திறந்தவர் அவர். கிளை திறப்பதே லேட்டு என்று ஓயாமல் புகார்.

"தெனம் இப்படித்தானா?" என்று காத்திருந்த சின்னராசுவைக் கேட்டார்.

"லேட்டுதான் சார். ஆனா வந்துரும். நல்ல பொண்ணு."

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள் பாஞ்சாலி.

"பஸ்ஸு லேட்டாய்டுச்சு சார்."

"உன் வீடு இதே ஊர்லதானே? உனக்கு எதுக்குப் பஸ்ஸு? காலங்காத்தால எங்க சுத்திட்டு வர்ற?"

அவள் குனிந்து பூட்டைத் திறந்தாள்.

சின்னராசுவின் பட்டா விண்ணப்பத்தை அவரே வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இங்கிருந்து அனுப்பினால் உத்திரமேரூர் கடையில் இருக்கும் வசந்த்குமார் அதை அரசுத் தளத்தில் பதிவேற்றிவிடுவான். அதற்காக இரண்டு கடைக்கும் நடுவே இணையத்துக்குள்ளேயே தனிப்பாதைபோல ஒரு வர்ச்சுவல் நெட்வொர்க் போட்டிருந்தார், ஆள் வைக்காமல், தன் கையாலேயே.

பேரும் விலாசமும் போயின. ஸ்கேன் செய்த பத்திரம் பாதியில் நின்றது.

"அத்த வுடுங்க சார். அப்பாலிக்கா நானே அனுப்சிக்கிறேன்" என்று பதறினாள் பாஞ்சாலி.

எதையோ மறைக்கிறாள். அவருக்கு இன்னும் சுர்ரென்றது.

மறுபடி அனுப்பிப் பார்த்தார். சின்னது போகிறது. பெரியது நிற்கிறது. சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, அவர் முதன்முதலில் வேலை பார்த்த பிரவுசிங் சென்டர்! மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக லைன் கிடைத்தால் கடையே கைதட்டும். துபாய் மாப்பிள்ளையின் போட்டோ தலைமுடியில் தொடங்கி மீசையோடு நின்றுபோக, மிச்ச முகத்துக்காகப் பெண் வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே ஒருநாள்... அந்த நோஞ்சான் லைனுக்குச் செய்த அதே வைத்தியம்தான் இதற்கும்.

எதுவானாலும் நெட்டில் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். வர்ச்சுவல் நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் மேலே இன்னோர் உறை போடும். முழு அளவுப் பாக்கெட் உறையோடு பருத்துப்போய் வழியில் எங்கேயோ விழும். விழுந்த சேதிகூட வராது. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, அதிகபட்ச பாக்கெட் அளவு 1500 என்று இருந்ததை 1300 ஆக்கினார்.

கண் மூடித் திறப்பதற்குள் பத்திரம் போய்ச் சேர்ந்தது.

அந்த நாள் மோகனாகவே பூரித்துத் திரும்பியவருக்கு, வந்த வேலை ஞாபகம் வந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சாவிய வெச்சிட்டுக் கெளம்பு. நாளைக்கு வேற ஆள் வரும்."

பாஞ்சாலி அது காதில் விழாதவள்போல் திரையையே பார்த்தாள்.

"பெரிய பைலும் போய்ட்ச்சா சார்?"

"போயிடுச்சு. அதுக்கென்ன?"

"அப்ப இனிமே பென் டிரைவ எட்துக்கினு உத்திரமேரூருக்கு ஓட வேணாமா?"

"என்ன சொல்ற நீ?"

"கடை தொறந்ததுலேர்ந்தே பெரிய பைலு எதுவும் போவல சார். காலைல பஸ்ஸு புட்ச்சி, சார் கிட்ட சொல்லாதீங்கன்னு வசந்த் அண்ணன் கையில குட்துட்டு ஓடியாருவேன். இல்லாங்காட்டி ஜனங்க வேலை நின்னுபூடுமே."

மோகன்குமார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாஞ்சாலி?"

"சாயங்காலமானா போன் பண்ணி, 'நான் போட்ட நெட்டு எப்டி கீது'ன்னு அவ்ளோ ஆசையா கேப்பீங்களே சார்... போவலன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல."