தேனீ வராத ஜூலை

லூப்ளின் நகரில், நடுக்கோடையான இந்த ஜூலைக் காலையிலும் மூச்சு புகையாக வெளியேறுகிறது. மே நடுவில் வரும் சோஃபியா திருநாள் தாண்டினால் குளிர் திரும்பாது என்ற ஊர்ப்பேச்சை நம்பி அப்போதே நட்ட தக்காளிச் செடிகள், இலையின் அடிப்புறம் ஊதா பாரித்து நிற்கின்றன. தேனீக்களைக் காணோம், பூக்கள் காய்க்காமலே உதிர்கின்றன. மகரந்தம் கொட்டட்டும் என்று, மிஞ்சிய ஒரு கொத்தின் காம்பில் கிழவர் ஸெனோன் பல் தேய்க்கும் மின்சார பிரஷை வைத்து ரீங்கரிக்க விடுகிறார். “அட மனுஷா, அது என் பிரஷ்!” கம்பளியோடு ஓடி வருகிறாள் மனைவி போக்னா. “என்னோடது முரடு. உன்னோடதுதான் தேனீ மாதிரி இருக்கு.” இன்னும் திட்ட அவள் வாயெடுக்கையில் ஒரு பூ உதிர்ந்து, குளிரில் சிவந்த அவர் மணிக்கட்டில் விழுகிறது. அதை அவர் தட்டிவிடவில்லை. அவள் கம்பளியை அவர் தோளில் போர்த்துகிறாள். பிறகு இரு உள்ளங்கைகளையும் கொத்தைச் சுற்றிக் குவித்து, உள்ளே சூடாக ஊதுகிறாள். “ம்... இப்ப வை. மெதுவா.”