உச்சிப்புளியில் மட்டும் சமர்த்து

“நீ கைவைக்கிறதுக்கு முந்தி லேசாத்தான் இருமுச்சு முருகா. நீ பாக்கப் பாக்கத்தான் சீக்கு முத்துது.”

மண்டபம் கடற்கரையில் மீன் ஏற்றும் பழைய லாரியின் சொந்தக்காரர் ஹாஜா முகைதீன் இப்படிச் சொன்னதும் மெக்கானிக் அருள்முருகனுக்கு முகம் சுண்டிவிட்டது. உச்சிப்புளியில் இருக்கும் அவன் பட்டறைக்கு அந்த லாரி வருவது இது ஐந்தாவது தடவை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தயங்குகிறது, சும்மா நிற்கும்போது குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்குகிறது என்பதுதான் புகார்.

கொடுமை என்னவென்றால், பட்டறைக்கு வந்துவிட்டால் வண்டி பரம சாது. பாய் தன் பையோடு கீழே இறங்கி நிற்பார். அருள்முருகன் ஏறி முடுக்கினால் சீராக உறுமும். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினாலும் அப்படித்தான். குமிழை இழுத்து இன்ஜினை அணைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு இறங்குவான். சாவியைத் திருப்பினால் அணைகிற காலத்து வண்டி இல்லை அது.

இருந்தாலும் பாய் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால் அவனும் டீசல் பில்டர், நாசில், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டான். கழற்றிய சாமானை எல்லாம் பாய் மறக்காமல் கேட்டு வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொள்வார். முன்பு எவனோ ஒருவன் பழசையே துடைத்து மாட்டி அவரை ஏமாற்றியிருந்தான்.

“இன்னைக்கும் சரியாகலேன்னா நாளைக்குப் பரமக்குடி பழைய இரும்புக்கடைக்குத்தான் போகணும்” என்ற பாய் லாரிக் கதவைத் தடவிக்கொடுத்தார். “எங்க அத்தா ஓட்டுன வண்டி.”

அருள்முருகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லாரி எடைக்குப் போனால் அவன் பேரும் கூடவே போய்விடும். “ஏறுங்க பாய். நீங்களே ஓட்டுங்க. மண்டபம் வரைக்கும் நானும் வாரேன்” என்றான்.

பாய் ஏறி, பையைத் தொங்கவிட்டு, பிஸ்மி சொல்லிக் கிளப்பினார். பட்டறை வாசலைத் தாண்டவில்லை, வண்டி திணற ஆரம்பித்தது. ரயில்வே கேட்டில் நின்றபோது இருவருக்கும் பல் தந்தியடித்தது. தான் சொன்னது நிஜமானதில் பாய்க்கு ஏறக்குறைய சந்தோஷமே வந்துவிட்டது.

அருள்முருகன் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தான். பிறகு டாஷ்போர்டையே கொஞ்ச நேரம் முறைத்தான். கடைசியில் ஒரு கையை நீட்டி எதையோ எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நடுக்கம் சட்டென்று நின்றது. கேட் திறந்ததும் லாரி துள்ளிக்கொண்டு கிளம்பியது.

“மாஷா அல்லாஹ்” என்ற பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “எந்தச் சாமான்பா கெட்டுக் கெடந்துச்சு? கழட்டுனதக் குடு, பையில போட்டுக்கிறேன்.”

“இதுதான் பாய்” என்று, இன்ஜினை அணைக்கும் குமிழில் இத்தனை நாளும் தொங்கி அதை இழுத்துக்கொண்டிருந்த மஞ்சப்பையை, தான் கழற்றிக் கொடுத்த அத்தனை சாமானோடும் அவரிடம் நீட்டினான் அருள்முருகன்.