பூட்ஸ் பரீட்சை

"பிளாஸ்டிக் ஷூவுக்கு என்னலே குறை?" என்று கேட்டார் பால் சங்கத் தலைவர் இருளப்பசாமி.

மேசை மேல் மூன்று ஜோடிகள் இருந்தன. டயர் செருப்பு ஒன்று. பிளாஸ்டிக் ஷூ ஒன்று. கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கிற கித்தான் பூட்ஸ் ஒன்று.

எல்லாம் மரியராஜால் வந்தது. தெருத் தெருவாகப் பால் வாங்கி லாரியில் ஏற்ற, சங்கத்துக்குப் பால்கேன் சைக்கிள் ஓட்டுகிறவன். போன மாதம் காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்து, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தான். "இன்னொரு தடவை ஏறுச்சுன்னா விரலை எடுக்கணும்" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். விரல் போனால் பெடல் மிதிக்க முடியாது. பெடல் மிதிக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

சைக்கிள்காரர்கள் ஆறு பேருக்கும் சங்கமே காலுக்கு ஏதாவது வாங்கித் தருவதென்று முடிவானது.

"பாலுல தண்ணி பாக்குறது வெள்ளத்துரைதானே? செருப்பையும் அவனே பாக்கட்டும்" என்றார் தலைவர்.

வெள்ளத்துரை வடக்குத் தெருக்காரன். தலைவருக்கு அண்ணன் மகன் முறை. மூன்று வாரமாக மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கேன் கட்டிய சைக்கிளில் திருச்சுழிப் பக்கத்து முள்காட்டுப் பாதையெல்லாம் சுற்றிவிட்டான். பலகையில் முள்ளைச் செருகி ஏறி நின்றான். பெடலில் பாலை ஊற்றி, வழுக்குகிறதா என்று மிதித்துப் பார்த்தான்.

இப்போது கேட்டால் பூட்ஸ் என்கிறான்.

"பிளாஸ்டிக்குல குறையில்ல சித்தப்பா. முள்ளு எறங்கல. கழுவுனா பளிச்சுன்னு ஆயிருது."

"பெறகென்ன? காலை விட்டா உள்ள போகுது, உதறுனா வெளிய வந்துருது."

"அதான் சித்தப்பா எனக்குப் பிடிக்கல. உதறுனா வெளிய வந்துருது."

செயலாளர் தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, டயர் செருப்பு?"

"அதுவும் அப்படித்தாண்ணே. பூட்ஸையே வாங்குங்க."

தலைவர் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காலுக்குப் பதினாறு ஓட்டை. ஒவ்வொன்றிலும் கயிற்றைக் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும்.

"இதை மாட்ட எம்புட்டு நேரம்லே ஆகும்?"

"பத்து நிமிசம்."

"கழட்ட?"

"அதுக்கும் மேல."

"நாம பட்டாளத்துக்கு ஆள் எடுக்கமா, பால் எடுக்கமா?"

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "கடைக்காரன் இவனுக்கு ஒரு ஜோடி ஓசியில குடுத்திருப்பான்!"

அறையே சிரித்தது. வெள்ளத்துரையின் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் காகிதத்தில் 'பூட்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"வாங்கித் தொலைங்க. ஏதாச்சும் கோளாறுன்னா இவன்தான் பொறுப்பு" என்று எழுந்தார் தலைவர்.

அடுத்த திங்கட்கிழமை. காலை ஏழாகப் பத்து நிமிடம். மரியராஜ் புது பூட்ஸோடு வடக்குத் தெரு முனைக்கு வந்து சைக்கிளை விட்டு இறங்கினான்.

அந்தத் தெருவுக்குள் மரியராஜ் போன்ற மாதாகோயில் தெருக்காரர்கள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. காலில் எதையும் போட்டுக்கொண்டும் போகக் கூடாது. யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவன் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவான்.

குனிந்து முடிச்சைப் பிடித்து இழுத்தான். புதுக் கயிறு இறுகிக் கிடந்தது. வரமாட்டேனென்றது.

தெருவுக்குள் ஆளாளுக்குத் தூக்குவாளியோடு நின்றார்கள். தெருவின் அந்தக் கடைசியில் மெயின் ரோடு. ஏழு மணிக்குப் பால் லாரி வந்து போய்விடும். தவறினால் அத்தனை பாலும் திரிந்துதான் போகும்.

"அங்க என்னதான் செய்யிறான் அவன்?" என்றார் தலைவர். அவர் தூக்குவாளியில் ஐந்து லிட்டர் இருந்தது.

"பூட்ஸைக் கழட்டுறான்" என்றாள் குருவம்மாள். "இன்னும் ஒத்தக் காலே முடிஞ்சபாடில்ல."

மெயின் ரோட்டில் ஹாரன் அடித்தது.

தலைவர் ரோட்டைப் பார்த்தார். பாலைப் பார்த்தார்.

"ஏப்பா மரியராஜு! கழட்டுனது போதும், வா!"

"ஐயா, கால்ல..."

"அட, வாய்யான்னா! லாரி போயிரும். ஏறி மிதி!"

மரியராஜ் கயிற்றை விட்டு நிமிர்ந்தான். பிறகு ஏறி மிதித்தான். பாதி அவிழ்ந்த கயிறு காற்றில் ஆடியது.

பாலை ஊற்ற வந்த குருவம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "அந்தக் கயித்தை முடிஞ்சுக்கப்பா. சங்கிலியில சிக்கி விழுந்துறப் போற."

மறுநாளும் அவன் முனையில் இறங்கிக் குனிந்தான். அன்றும் தலைவரே கூப்பிட்டார். நாலாம் நாள் அவன் இறங்கவே இல்லை. இறங்கச் சொல்ல யாருக்கும் நேரமும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தனுஷ்கோடி, வெள்ளத்துரையைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, உண்மையைச் சொல்லு. மூணு வாரமா நீ பாத்தது முள்ளுக்கா, இல்ல இதுக்கா?"

"முள்ளுக்குத்தாண்ணே" என்றான் வெள்ளத்துரை. "காட்டு முள்ளை அவன் பழைய செருப்பே தாங்கிருச்சு. மரியராஜு கால்ல ஏறுனது நம்ம தெரு வேலி முள்ளு... செருப்பு அவன் கையில இருந்தப்ப."