முதுகைக் காட்டு கண்ணு

"சட்டையைத் தூக்கச் சொல்லுங்க சாமி. முதுகைப் பார்த்துட்டுத்தான் சோறு போடுவேன்."

ஸ்டேஷனுக்குள் தூக்குப்போசியோடு நின்ற மயிலாள் குரலை உயர்த்தவில்லை. நகரவும் இல்லை. நைந்த நூல் சேலை, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. ஐம்பது வயதிருக்கும்.

சப்-இன்ஸ்பெக்டர் கந்தவேல் மாற்றலாகித் திருப்பூருக்கு வந்து அன்றுதான் பொறுப்பேற்றிருந்தார். சட்டையின் கஞ்சி மொடமொடப்புகூடப் போகவில்லை, அதற்குள் இப்படி ஒரு வம்பு.

"என்ன ஏட்டய்யா இது கூத்து?"

"மூணு நாளா இப்படித்தானுங்க ஐயா. ரெண்டு வேளையும் வந்துடறாங்க. அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் அசையறதில்லை" என்றார் ஏட்டு அலாவுதீன்.

லாக்கப்பில் இருந்தவன் ஆறுச்சாமி, பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவன். காதர்பேட்டை நெரிசலில் ஒரு பெண்ணின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான் என்று பிடித்திருந்தார்கள். நகை கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவன் வாயைத் திறக்க வைக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. மேசைமேல் லத்தி கிடந்தது.

"முதுகைக் காட்டு கண்ணு" என்றாள் மயிலாள்.

ஆறுச்சாமி தலையைக் குனிந்தபடி சட்டையைத் தூக்கினான்.

"இந்தத் தடிப்பு காத்தால இல்லீங்களே! யாரு அடிச்சது?"

அலாவுதீன் சுவரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டாலும் நானில்லைங்கறீங்க. அப்பப் புண்ணு தானா முளைச்சுதுங்களா?"

கந்தவேலுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, திருடினவனைக் கொஞ்சவா செய்வாங்க? தாலிக்கொடியைப் பறிகொடுத்தவ வயிறு எப்படி எரியும்னு நெனச்சுப் பார்த்தீங்களா?"

மயிலாள் கழுத்துக் கயிற்றைச் சேலைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எரியத்தாஞ் செய்யுமுங்க. அதுக்காக இவன் கையை ஒடைக்கோணுமுங்களா? கத்திரி புடிக்கிற கைங்க. ஆள் மாறிப் புடிச்சிருந்தா? அடியைத் திருப்பி வாங்கிக்க முடியுமுங்களா சாமி?"

"அதை நாங்க பார்த்துக்கறோம். நீங்க வீட்டுக்குப் போங்க."

"நான் போனதும் அடிப்பீங்க. இவன் இங்க கெடக்கறதுக்கு நானும் ஒரு காரணமுங்க. ஊட்டுல போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வருமுங்களா?"

வளர்த்த விதம் சரியில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறாள் போலும் என்று கந்தவேல் நினைத்தார். பாவமாக இருந்தது.

அவள் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து போசியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சோற்றில் ஊத்துக்குளி வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. வீங்கிய விரல்களால் ஆறுச்சாமிக்குப் பிசைய வரவில்லை. அவளே உருட்டிக் கம்பி வழியாக நீட்டினாள்.

"எனக்கு வேண்டாமுங்க..." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"அழுகாத கண்ணு. மொதல்ல சாப்பிடு."

முதல் வாய்க்கே அவன் தேம்பிவிட்டான். கடைசிவரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கந்தவேல் மேசைமேல் கிடந்த லத்தியை எடுத்தார். போசியை மூடப்போன மயிலாளின் கை அந்தரத்தில் நின்றது. அவர் அதைக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஏட்டய்யா, இவனை இன்னைக்கே கோர்ட்டுல நிறுத்தணும். நானே கூட வர்றேன். இன்ஸ்பெக்டர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்." பிறகு மயிலாள் பக்கம் திரும்பினார். "இனிமே இவன்மேல ஒரு அடி விழுந்தாலும், யாரு அடிச்சதுன்னு தேட வேண்டாம். நேரா என்னை வந்து கேளுங்க."

"நல்லா இருப்பீங்க சாமி." அவள் கும்பிட்டாள். காலிப் போசியை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை கந்தவேல் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பெரிய தப்பு பண்ணினாலும், பெத்தவ மனசு கேக்குதா பாருங்க ஏட்டய்யா."

அலாவுதீன் தயங்கினார்.

"அவங்க இவனைப் பெத்தவங்க இல்லீங்க ஐயா. காதர்பேட்டையில தாலிக்கொடியைப் பறிகொடுத்ததே அந்தம்மாதானுங்க."