தொண்ணூறு லட்சத்துச் சொச்சம்

"தொண்ணூறு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து ஒன்பது! சாதாரண எண்ணுன்னு நெனச்சுடாதேக்கா!"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் தம்பி, மனசு சரியில்லாவிட்டால் இப்படி ஏதாவது ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

"இலக்கத்தையெல்லாம் கூட்டினா இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டை வகுக்கிற சின்ன எண்களைக் கூட்டிப் பாரு, திரும்பவும் இருபத்தெட்டு!"

"எனக்குத் தலை சுத்துதுடா."

"இதைக் கேளு. ஒண்ணையும் அந்த எண்ணையும் தள்ளிட்டா, ரெண்டே ரெண்டு எண்தான் அதை மீதியில்லாம வகுக்கும். ஆயிரத்து ஒன்பது, ஒன்பதாயிரத்து ஒண்ணு. ஒண்ணைத் திருப்பிப் போட்டா இன்னொண்ணு! மூணாவது ஆளுக்கு இடமே இல்லை. என்ன ஜோடிக்கா!"

"எண்ணுக்குக்கூட ஜோடி கிடைச்சாச்சு. உன் ஜோடி விஷயம் என்னடா ஆச்சு?"

தம்பியின் முகம் தொங்கிப்போனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த பெண்ணுக்காக அவன் மூன்றே மாதத்தில் நாலு கண்ணாடி வாங்கியிருந்தான். இருப்பதோ ஒரே மூக்கு. மனசில் இருந்ததை மட்டும் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

"போயிட்டாக்கா. வேற ஊர்க் கிளைக்கு மாத்திட்டாங்க. எந்த ஊர்னு கேட்டா கடையில சொல்ல மாட்டேங்கறாங்க. இனி எங்கே போய்த் தேடுவேன்?"

அக்காவின் கண் கலங்கியது. வெங்காயம் மட்டும் காரணமில்லை. முப்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஆசைப்பட்டான், அதையும் கோட்டை விட்டுவிட்டானே!

"கடைசி நாளன்னைக்காவது அவகிட்ட பேசினியா?"

"பேசினேனே! புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒரு துண்டுத் தாள்ல பொடிப்பொடியா எழுதி நீட்டினா. கண்ணாடி சரியா இருக்கான்னு பார்க்கறதுக்கு. கடகடன்னு படிச்சுட்டு, 'பிரமாதமாத் தெரியுதுங்க'ன்னு தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஏனோ அவ முகம் சுண்டிப்போச்சு."

அக்காவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

"அந்தத் தாள்ல என்னடா எழுதியிருந்தா?"

"அதைத்தானே வந்ததிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்! முன்னாடி தனியா தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, அது சாதாரண எண். அப்புறம்தான் இந்தத் தொண்ணூறு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து ஒன்பது."

அக்கா வெங்காயக் கையோடு அவன் சட்டைப்பையிலிருந்த போனைப் பிடுங்கி, ஒன்பது, எட்டு, நான்கு, ஒன்பது, பூஜ்யம், எட்டு, இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்பது என்று அழுத்தி அவன் காதில் வைத்தாள்.

"ஹ... ஹலோ?" என்றான் தம்பி.

மறுமுனையில் ஒரு பெண்குரல் சிரித்தபடி கேட்டது: "இப்பத்தான் சரியாத் தெரியுதா, சார்?"