இரண்டு விரல் உயரம்

"உன் சப்பரத் தண்டைத்தான் கேக்குறாண்ணே!"

மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை அம்புரோஸ் மூச்சிரைக்க வந்து சொன்னான்.

"யாரு?" என்றார் அருள்பிரகாசம்.

"நீலமேகம். தண்டையார்பேட்டை கோடவுன்ல மூட்ட தூக்குறானே, அவன்தான். சாமியார் ரூம்ல அரமணி நேரமா பேசிக்கினு கீறான். 'அருள் நைனா தூக்குற தண்டுலயே என்னையும் போடுங்க சாமி'ன்னு ஒரே கெஞ்சல்."

அருள்பிரகாசத்துக்கு வயிறு எரிந்தது.

மாதா திருவிழாவில் சப்பரம் தூக்குவது அவருக்கு இருபத்தேழு வருஷப் பழக்கம். முன்பக்கம் நீட்டிய தூக்குமரங்களில் வலது தண்டு. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. நீலமேகம் ஞானஸ்நானம் வாங்கி இன்றோடு நூற்று நாற்பது நாள். அவர் எண்ணி வைத்திருந்தார்.

அந்த ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி முதலில் அவரைத்தான் கேட்டார்கள். முதுகுவலி என்று நழுவிவிட்டார்.

"பேரு இன்னும் நீலமேகந்தான். அதுக்குள்ள தொரைக்குத் தண்டு கேக்குதா?"

"விடுண்ணே. சாமியார் குடுக்கமாட்டாரு."

சாமியார் கொடுத்துவிட்டார்.

"அருள்பிரகாசம், உன் தோள் எலும்பு வீங்கிப் போயிருக்கு. இந்த வருஷம் உன்னை வேணாம்னுதான் நினைச்சேன்" என்றார். "போகட்டும், தூக்கு. ஆனா நீலமேகம் உனக்கு முன்னாடி நிப்பான்."

முன்னாடியாம்! இந்த வருஷம் முன்னாடி நிற்பான், அடுத்த வருஷம் தண்டே அவனுக்கு. இவருக்குப் புரியாதா?

அவருக்கு ஒரே ஓர் ஏக்கம். மாதா யாரோடு வருகிறாளோ அவன் தோளுக்குப் பாரமே தெரியாது என்று இராயபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. கூடத் தூக்குகிறவர்கள் பலர் அனுபவித்துச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தேழு வருஷத்தில் அவருக்கு ஒருமுறைகூட அப்படி நேர்ந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் இரும்பாய்க் கனத்தாள்.

அந்த நீலமேகமோ பூசையில் மணி அடித்தாலே கண்ணீர் விடுகிறான். மாதா அவனோடு வந்துவிட்டால்?

தண்டுக்கு ஆள் பிரிப்பதும் அருள்பிரகாசம்தான். கோயில் சுவரில் கரிக்கோடு போட்டுத் தோள் உயரம் அளப்பார். ஒரே உயரமுள்ள இருவர் ஒரு தண்டுக்கு. ஒருவன் சற்று உயர்ந்தாலும் பாரமெல்லாம் அவன் தோளுக்குப் போய்விடும்.

கோடு பிசகட்டும் என்று வேண்டிக்கொண்டே நீலமேகத்தை நிறுத்தினார். பாழாய்ப்போன கோடு! இவர் தோளும் அவன் தோளும் ஒரு நூல் வித்தியாசமில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் நீலமேகம் வலது தோளில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா இது?"

"சாக்கு நைனா."

"அது தெரியுது. நாங்கல்லாம் வெறுந்தோள்ல தூக்குறோம். மாதாவைத் தூக்க ஒனக்கு மெத்த வேணுமா?"

"ஒடம்பு ஒத்துக்கல நைனா" என்று இளித்தான் அவன்.

"கேட்டியா அம்புரோஸ்! தெனம் நூறு மூட்ட தூக்குறவனுக்கு ஒடம்பு ஒத்துக்கலையாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நீலமேகமும் சேர்ந்து சிரித்தான்.

வேட்டுச் சத்தம் கேட்டது. "மரியே வாழ்க!" என்று தூக்கினார்கள்.

அருள்பிரகாசம் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்குக் காத்திருந்தார். வலி வரவில்லை. தண்டு அவர் தோளில் பூ வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

ஒரு தெரு போனது. இரண்டு தெரு போனது. பாரமே இல்லை.

'வந்துட்டியா தாயே!'

ஏழு தெருவும் அழுதுகொண்டே நடந்தார்.

சப்பரத்தைக் கோயில் வாசலில் இறக்கியதும் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு நீலமேகத்திடம் போனார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

"செம பாரம் நைனா."

அவருக்கு மனசு குளிர்ந்தது.

"புதுசுதானே நீ. அதுக்கெல்லாம் வருஷக்கணக்கா காத்துக் கெடக்கணும்."

"ஆமா நைனா" என்றான் நீலமேகம். சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

வழியில் கிடந்த சாக்கைக் காலால் ஒதுக்கினார் அருள்பிரகாசம். கால்விரல் நச்சென்று இடித்துக்கொண்டது.

"இன்னா எழவு இது?"

குனிந்து பிரித்தார். உள்ளே ஒரு பலகை. வழக்கம்போல் விரலை வைத்து அளந்தார். இரண்டு விரல் கனம். அடிப்பக்கத்துச் சாக்கு ரத்தத்தில் நனைந்திருந்தது.

அந்தப் பலகையைத் தோளில் வைத்தவன் அவரைவிட இரண்டு விரல் உயரம். ஏழு தெருவுக்கும்.

குழாயடியில் நீலமேகம் சட்டையைக் கழற்றித் தோளைக் கழுவிக்கொண்டிருந்தான். தோல் உரிந்து கிடந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி ரோசி ஓடிவந்தாள்.

"இன்னாங்க, ஒங்க தோள்ல மாதா லேசா வந்தாளாமே! அம்புரோஸ் சொன்னான். நெசமாவா?"

அருள்பிரகாசம் பலகையைக் கீழே வைக்கவில்லை.

"மாதா வந்தாளா தெரியல, ரோசி. அவ மகன் வந்தாரு. மரத்தைத் தோள்ல வெச்சிக்கினு எனக்கு முன்னாடி நடந்தாரு."