விடுதலை நாள் சவரம்

“தாடியை எடுத்துடுங்கண்ணே. மீசை இருக்கட்டும்.”

விடுதலையாகிற காலையில் அவன் இப்படிக் கேட்பான் என்று நான் நினைக்கவே இல்லை. சிறைக்குள் அவனுக்குப் பெயரே தாடிக்காரன்தான்.

இங்கே முடி வெட்டும் ஒப்பந்தம் என்னுடையது. வெளியே சொந்தக் கடை இருக்கிறது. வாரத்தில் சில நாள் உள்ளே வருவேன். கத்தி, கத்தரி எல்லாவற்றையும் வாசலில் எண்ணித்தான் உள்ளே விடுவார்கள், எண்ணித்தான் வெளியே விடுவார்கள். என்னையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

விடுதலையாகிறவர்கள் வழக்கமாக ஆளே மாறிப்போக வேண்டும் என்பார்கள். மீசையோடு வந்தவன் மழிக்கச் சொல்வான். மழித்த முகத்தோடு வந்தவன் முன்கூட்டியே தாடி வளர்க்க ஆரம்பிப்பான். தெருவில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இவன் தலைகீழாக இருந்தான். வகிடு இடது பக்கம் வேண்டுமாம். கிருதா காது மடல் வரை இறங்க வேண்டுமாம். மீசை நுனி கீழே தொங்க வேண்டுமாம்.

“பொண்ணு பார்க்கப் போறியா?” என்று சீண்டினேன். அவன் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால் மண்டை குடையும். அவன் விஷயத்தில் ஏற்கெனவே ஒன்று குடைந்துகொண்டிருந்தது. அந்த அம்மா.

மாதம் தவறாமல் அவனைப் பார்க்க வருகிறவள். பைபிளும் கையுமாக வந்து, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாசித்துக் காட்டிவிட்டுப் போவாள். அவனைப் பெற்றவள் இல்லை. குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் இவன் ஒருவனைக் குத்திக் கொன்றானே, அவனைப் பெற்றவள்.

மன்னித்துவிட்டாளாம்.

அதுவரை சரி. தண்டனையைக் குறைக்கச் சொல்லி இவன் மனு போட்டபோது, அதிகாரிகள் அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற காவலர் அதை என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்: “மன்னிக்கிறது என் பாடு. தண்டனை அவன் பாடு. அதுக்காக இதை விட முடியாது.”

இது என்ன மன்னிப்பு? மன்னித்தால் விட்டுவிட வேண்டும். விடவில்லை என்றால் மன்னிக்கவில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் சொன்னார்கள்.

அவன் மனந்திரும்பிவிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருகிற பாதிரியார் சொல்வார். உள்ளே மனந்திரும்பாதவன் யார்? மனு போடுகிற அன்றைக்கு எல்லாருமே திரும்பிவிடுவார்கள். மனு தள்ளுபடியான பிறகும் அப்படியே இருந்தவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

இன்று அவனைக் கூட்டிப்போக அவள்தான் வருகிறாள். ஒரு பேக்கரி நடத்துகிறாள். அங்கே அடுப்படியில் வேலை, பின்பக்கம் ஒரு அறை. அதை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. பெற்றவர்கள் எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள்.

முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன்.

காட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு நடந்தபோது பத்திரிகைகளில் வந்த முகம் இது.

“ஏம்ப்பா இப்படி?” என்றேன். என் குரல் இறங்கிவிட்டது.

“அவங்க மன்னிச்சது தாடிக்காரனைண்ணே. கோர்ட்டுல பார்த்ததுக்கு அப்புறம் இந்த மூஞ்சியை அவங்க பார்க்கவே இல்ல. செஞ்சவன் இவன்தானே.”

எனக்குக் கோபமே வந்தது. கிடைத்த ஒரே இடத்தையும் இவனே கெடுத்துக்கொள்கிறான். முடிந்திருந்தால் கீழே கிடந்த தாடியைப் பொறுக்கி ஒட்டவைத்திருப்பேன். அதற்குள் அவனை வாசலுக்கு அழைத்துப்போகச் சிறை ஆள் வந்துவிட்டார்.

நான் வாசலுக்கு வந்தபோது அவன் வெளியே போய்விட்டிருந்தான். காவலர் என் கத்திகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணட்டும் என்று விட்டுவிட்டு, பெரிய கதவிலிருந்த சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்தேன்.

அவள் மதிலோரம் நின்றிருந்தாள். அவன் சற்றுத் தள்ளி நின்றான்.

அவள் பார்வை அவனைத் தாண்டிக் கதவுக்கு வந்தது. தாடியைத் தேடினாள்.

பிறகு அந்தப் பார்வை அவன் முகத்துக்குத் திரும்பிப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

அவள் சட்டென்று மதில் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கையை மதிலில் ஊன்றிக்கொண்டாள். தோள்கள் குலுங்குவது எனக்கே தெரிந்தது.

அவன் கிட்டே போகவும் இல்லை, விலகவும் இல்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு, முகத்தை நிமிர்த்தியபடியே நின்றான். என்னால்தான் பார்க்க முடியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

காவலர் எண்ணி முடித்துவிட்டுக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தம் எதிர்ப் பக்கம் இருந்தது. அவனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சாலை ஓரம் வரை நடந்தாள். அங்கே நின்றாள்.

அப்போதும் திரும்பவில்லை. சாலையைத் தாண்டும்போது பிள்ளைகளுக்கு நீட்டுவது போல, கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.